பச்சை வட்டம்

தொடக் கூடாது, ஆட்டக் கூடாது, பக்கத்தில் போய் மேசையில்கூட இடித்துவிடாதீங்க ஐயா என்று அந்த நர்ஸ் பெண் சுகந்தி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து பக்கிரிசாமி மூச்சைக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே வெள்ளை ஓடு பதித்த மேடை, அதன்மேல் ஒரு மரத்தாங்கி, அதில் ஒரே ஒரு கண்ணாடிக் குழாய், குழாயில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மங்கையர்க்கரசியின் ரத்தம். இருபது நிமிஷம் அது அப்படியே நிற்க வேண்டும். அப்புறம் டாக்டர் வந்து குழாயைச் சாய்ப்பார். ரத்தம் உறைந்து கட்டியாக நின்றால் விஷம் ஏறவில்லை, இப்போதைக்குப் பயமில்லை. தண்ணீர் மாதிரி ஓடினால் ஏறிவிட்டது. இவ்வளவுதான் பரிசோதனை, இதற்கு ஒரு மெஷினும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம், ஒரு சுத்தமான குழாயும் சும்மா இருக்கத் தெரிந்த ஒரு மனிதனும் போதும். சும்மா இருப்பதுதான் அவருக்கு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்திரண்டு. குழாயை வைத்தது பத்து இருபதுக்கு. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கிறது, அதற்குள் அவர் அதை நாற்பது தடவை பார்த்தாயிற்று. இவ்வளவு சிவப்பாகவா இருக்கும், நாற்பத்தொரு வருஷம் கூட இருந்தவள், இவள் ரத்தம் என்ன நிறம் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த மங்கையர்க்கரசி சுகந்தியிடம் நீ எந்த ஊரும்மா என்று விசாரிப்பது கேட்டது. பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கட்டும்.

கறிவேப்பிலை பறிக்கப் போனவள். மகள் எழில் இந்த மலையில் பள்ளிக்கூட டீச்சர், அவள் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் கறிவேப்பிலை மரம் இருக்கிறது என்று வந்த அன்றிலிருந்து அதைப் பற்றியே பேச்சு, மெட்ராஸில் கொசுறாகக் கேட்டால் முறைக்கிறான், இங்கே பார், காடாய்க் கிடக்கிறது என்று. மரத்தடியில் கல் குவியல். அதன் இடுக்கில் பாம்பு சுருட்டிக்கொண்டு உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி சத்தம் போட்டதாம், என்ன சத்தம் என்று இவள் குனிந்து பார்த்தாளாம். பார்க்கிறவளா நீ, எதையும் குனிந்து பார்க்காமல் ஒரு நாள் இருந்திருக்கிறாயா. காலில் இரண்டு புள்ளி. அவர் வாழ்நாள் முழுக்க வரைபடத்தில் புள்ளி வைத்த மனிதர், இந்த இரண்டு புள்ளியைப் பார்த்ததும் செருப்பைக்கூட மாட்டவில்லை. எழில் ஏதோ பயிற்சிக்கு அடிவாரத்துக்குப் போயிருந்தாள். ஓடிப்போய் ரோட்டில் நின்று பால் வண்டியை மறித்தார். பால் வண்டிக்காரர் கேனை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டினார். ஏறும்போது ஒன்பது ஐம்பத்தெட்டு, இறங்கும்போது பத்து பத்து. இந்த நேரத்திலும் கடிகாரத்தைப் பார்க்கிறீங்களே என்று மடியில் படுத்துக்கொண்டு மங்கை கேட்டாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை, கை தானாகத் திரும்புகிறது, பழக்கதோஷம். டாக்டர் நிலோஃபர் சின்னப் பெண், எழிலைவிடச் சின்னவளாக இருப்பாள். வந்ததும் மெட்டியைக் கழற்றச் சொன்னாள், காலை அசைக்காமல் பலகை வைத்துக் கட்டினாள், வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் இதற்கு முன் நூறு தடவை செய்த மாதிரி செய்தாள். அந்த நிதானத்தைப் பார்த்தபோதே அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதிதான் இப்போது அந்தக் குழாயில் நிற்கிறது. பத்து இருபத்தைந்து.

மற்றவர்களுக்கு இந்த மாநிலம் எப்படித் தெரியுமோ, பக்கிரிசாமிக்குப் புள்ளிகளாகத்தான் தெரியும். சென்னையில் ஆஸ்பத்திரிகளைக் கணக்கெடுக்கும் ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். மேசை நிறைய விரித்த வரைபடம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சிவப்புப் புள்ளி, தாலுக்கா ஆஸ்பத்திரிக்கு நீலம், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு இரட்டை வளையம், மருத்துவக் கல்லூரிக்கு நட்சத்திரம். வேலைக்குச் சேர்ந்தபோது தெற்கில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு புள்ளியும் இல்லாத இடங்கள் இருந்தன. வருஷத்துக்கு வருஷம் அவர் கையாலேயே அவை நிரம்பின. உப்பளத்து ஓரத்தில் ஒன்று, தேயிலைச் சரிவில் ஒன்று, மழையே பெய்யாத செம்மண் காட்டில் ஒன்று. எந்த ஊரிலும் நல்ல இடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க மாட்டார்கள், ஏரிக்கரைப் புறம்போக்கையோ சுடுகாட்டுப் பக்கத்தையோதான் கொடுப்பார்கள், அதில் நாலு அறை கட்டி ஒரு வேப்பங்கன்று நட்டால் பத்து வருஷத்தில் அந்த மரத்தடிதான் ஊருக்கே நடு இடமாகிவிடும். பஸ்ஸில் போகும்போது எல்லோரும் கோபுரத்தைக் காட்டினால் அவர் காம்பவுண்டுச் சுவரைக் காட்டுவார், மங்கை, இங்கே முப்பது படுக்கை, ரத்த வங்கி உண்டு. கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கேன், கட்டில் எண்ணிக்கைக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவரை இப்பத்தான் பார்க்கிறேன் என்பாள். சிரிக்கட்டுமே. அவருக்கு அது சாமி காரியம்தான். இந்த நிமிஷத்தில் இந்த மாநிலத்தில் எத்தனை கதவு திறந்திருக்கும், எத்தனை கட்டிலில் எத்தனை பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளை பெறுகிறார்கள், ஒரு சீட்டு எழுதி வாங்கினால் போதும், நீ யார் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. இதை எண்ணி எண்ணித்தான் அவர் சம்பளம் வாங்கினார், எண்ணும்போதெல்லாம் பெருமையாக இருந்தது. இந்த மலையைத் தவிர.

இந்த மலை என்று நினைத்ததும் அவர் குழாயிலிருந்து கண்ணை எடுத்தார், எடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று உடனே திரும்பவும் பார்த்தார். பத்து இருபத்தெட்டு. தேன்கல்மலை. அப்போது அவருக்கு முப்பத்தோரு வயசு. எந்தெந்தக் கிராமத்துக்கு ஆஸ்பத்திரி எட்டுகிறது, எதற்கு எட்டவில்லை என்று பார்த்துத்தான் புது நிலையங்கள் ஒதுக்குவார்கள். எட்டுவதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸை எடுத்து, எட்டு கிலோமீட்டருக்குக் காலை விரித்து, சிவப்புப் புள்ளியில் முள்ளைக் குத்தி ஒரு சுற்று. வட்டத்துக்குள் வந்த ஊருக்கெல்லாம் பச்சைப் பென்சில். பச்சை என்றால் கவலையில்லை. அடிவாரத்தில் நாவலேரியில் முள்ளைக் குத்திச் சுற்றியபோது தேன்கல்மலையின் பதினோரு ஊரும் அழகாக உள்ளே விழுந்தன, ஏழு கிலோமீட்டர், பச்சை அடித்தார், மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். காகிதத்துக்கு மேடு பள்ளம் ஏது. நாவலேரிக்கும் மலைக்கும் நடுவே ஆளை விழுங்குகிற பள்ளத்தாக்கும் அதன் அடியில் ஓடையும் இருப்பதோ, அப்போது மலைக்கு ரோடே கிடையாது என்பதோ, காக்காய்க்குத்தான் அது ஏழு கிலோமீட்டர் என்பதோ அவருக்குத் தோன்றவே இல்லை. மெட்ராஸில் உட்கார்ந்து காம்பஸ் சுற்றுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பச்சை வட்டத்துக்குள் இருந்த குற்றத்துக்காக அந்தப் பதினோரு ஊருக்கும் ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி வரவில்லை. திரைக்குப் பின்னால் மங்கை பேசுவது நின்றுவிட்டது போலிருந்தது, அவர் எழுந்தார், மேடையில் இடித்துவிடுவோமோ என்று மறுபடி உட்கார்ந்தார். தண்ணீர் கேட்கிறாள். இருக்கிறாள்.

ஜெபமணி என்று ஒரு கிராம சுகாதார செவிலியர். நாசரேத் பக்கத்துப் பெண், இந்த மலைக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள். மாதாந்திர அறிக்கை ஒன்று எல்லாச் செவிலியரும் அனுப்ப வேண்டும், எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி, எல்லாம் எண்கள், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எல்லோரும் இல்லை என்று எழுதுவார்கள், அல்லது ஒரு கோடு கிழிப்பார்கள். யாரும் படிக்காத கட்டம் அது. ஜெபமணி மட்டும் கோடு கிழிக்கவில்லை. பிரசவம், நாவலேரிக்கு ஏழு மணி நேரம், தூளி. அவ்வளவுதான் எழுதுவாள். போர்வையை இரண்டு முனையில் மூங்கிலில் கட்டி, நோயாளியை அதில் கிடத்தி, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர், அதுதான் தூளி. அடுத்த மாசம், குழந்தைக்குப் பேதி, ஆறரை மணி நேரம், தூளி. மழைக்காலம், ஒன்பது மணி நேரம், ஓடையில் இடுப்பளவு தண்ணீர், தூளி. புகார் இல்லை, வேண்டுகோள் இல்லை, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து என்று ஒரு சொல் இல்லை. எண்களைக் கூட்டுவதற்காக அறிக்கையைக் கையில் எடுக்கிற பக்கிரிசாமியின் கண்ணில் அது பட்டுக்கொண்டே இருந்தது. முதலில் இது என்ன பைத்தியக்காரத்தனம், கிலோமீட்டர் கேட்டால் மணி எழுதுகிறாளே என்றுதான் நினைத்தார். அப்புறம் படிக்காமல் இருக்கப் பார்த்தார், கட்டத்தின் மேல் அளவுகோலை வைத்து மறைத்துக்கொண்டு கூட்டல் போட்டார். அதையும் செய்தவர்தான், யாரிடம் மறைக்க. ஒரு ஆடி மாசத்து அறிக்கை. பாம்புக்கடி, பெண், வயது 29. நாலு மணி நேரம். பாதி வழியில் தூளி திரும்பியது. அவ்வளவுதான். செத்துப்போனாள் என்று அவள் எழுதவில்லை. தூளி திரும்பியது என்று எழுதியிருந்தாள். நாலு பேர் அந்த ஓடைக்கரையில் ஒரு நிமிஷம் நின்றிருப்பார்கள், இனி எதற்கு இறங்குவது என்று ஒருத்தன் சொல்லியிருப்பான், முன்னால் போனவர்கள் பின்னால் ஆகியிருப்பார்கள், எடை அப்படியே இருந்திருக்கும். இந்தப் பெண்ணும் என்ன பறிக்கப் போனாளோ. பத்து முப்பத்திரண்டு.

அந்த அறிக்கை வந்த அன்றைக்கே ரப்பரை எடுத்து அந்தப் பச்சையை அழித்தார். ஒன்பது வருஷத்துப் பச்சை, லேசில் போகவில்லை, காகிதம் தேய்ந்து மெலிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவர் செய்தது நல்ல வேலைதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஜெபமணி எழுதின மாதிரியே கிலோமீட்டரை விட்டுவிட்டு மணி நேரத்தில் அளந்தார், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கடிதம் போட்டு நடக்க எத்தனை நேரம், பஸ்ஸுக்கு எத்தனை நேரம் என்று கேட்டு வாங்கினார். புது வரைபடத்தில் வட்டமே வரவில்லை, எல்லாம் நசுங்கிய பலாப்பழம் மாதிரி கோணல் மாணலாக வந்தது. மலைகளுக்கும் ஆற்றுக்கு அக்கரை ஊர்களுக்கும் புதுசாகப் புள்ளிகள் விழுந்தன, தேன்கல்மலைக்கும் ஒன்று. பெயரைக் கோப்பில் எழுதத்தான் செய்தார், செவிலியர் ஜெபமணியின் குறிப்பிலிருந்து என்று. மேலதிகாரி அந்த வரியை அடித்துவிட்டு, கள நிலவர ஆய்வின்படி என்று போட்டால் போதாதா பக்கிரிசாமி என்றார். போதும் சார் என்றார் இவர். அங்கேதான் இடறியது, எப்போது நினைத்தாலும் மனசு அந்தப் போதும் சாரில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. பாராட்டுக் கடிதம் வந்தது. மங்கை அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடம் மேப்பையே மாத்திட்டார் என்று சொல்லிக் காப்பி கொடுத்தாள், அவர் குனிந்து காப்பி குடித்தார். ஒரு தரம் ஜெபமணி ஓய்வூதியக் காகிதத்தோடு அந்த அலுவலகத்துக்கே வந்தாள். பியூன் பெயரைச் சொன்னதும் இவர் டீ குடிக்க இறங்கிப்போனார், ஒன்றுக்கு மூன்று டீ குடித்தார், திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். மேசையில் ஒரு பாலிதீன் பையில் மலைத்தேன் பாட்டிலும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. ஆஸ்பத்திரி திறந்துவிட்டார்கள் ஐயா, நன்றி. அவருக்கே நன்றி. பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி என்று அவர் இப்போது உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டார்.

இதை மங்கையிடம் சொல்லவில்லையே. நாற்பத்தொரு வருஷத்தில் பல் வலியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னவர் இதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் குழாய் சாய்ந்து, அது ஓடி, அப்புறம் ஏதாவது ஆகி, அவள் அந்தச் சட்டம் போட்ட பொய்யோடேயே போய்விட்டால். போகவெல்லாம் மாட்டாள், என்ன பேச்சு இது. மருந்து இருக்கிறதா இங்கே. கேட்கப் பயமாக இருந்தது. இல்லையென்றால் அடிவாரத்துக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர், முப்பத்தெட்டா, ஒன்றேகால் மணி நேரம் என்று சொல், இருபத்திரண்டு வளைவு, ஓடைப் பாலம். எதிரே மூலையில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது, கதவில் வெப்பநிலைத் தாள். எழுந்து விரல் நுனியில் நடந்துபோய் அதைப் படித்தார். எண்கள் கொஞ்சம் மூச்சைத் திருப்பிக் கொடுத்தன. பொய்த்தாள் எது என்று அவருக்குப் பார்த்ததும் தெரியும், ஒரே மை, ஒரே கை, மாசம் முழுக்க நாலு டிகிரி, உட்கார்ந்த இடத்தில் நிரப்பியது. இந்தத் தாளில் மை மாறியிருந்தது, கை மாறியிருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் காலை மாலை இரண்டும் இருந்தது, ஒரு நாள் ஒன்பது டிகிரி என்று எழுதிச் சிவப்பில் சுழித்து, கரண்ட் இல்லை, மருந்துகள் ஐஸ் பெட்டிக்கு மாற்றப்பட்டன, சுகந்தி என்று கையெழுத்து. ஒன்பது என்று எழுதியிருக்கிறாளே, நாலு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாமே, யார் வந்து பார்க்கப்போகிறார்கள். அந்தப் பெண்ணைக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. பத்து முப்பத்தெட்டு. குழாயில் ரத்தம் அசையாமல் நின்றது. அசைக்காதவரை எல்லாமே உறைந்த மாதிரிதான் இருக்கும். பத்து முப்பத்தொன்பது. இரண்டு பேர் வரும் காலடிச் சத்தம்.

டாக்டர் நிலோஃபர் கடிகாரத்தைப் பார்த்தாள், குழாயை எடுத்தாள், வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தாள். ஓடியது. ஒரு தடையும் இல்லாமல் கண்ணாடியோரமாக வழிந்து வாய் வரைக்கும் வந்தது. பக்கிரிசாமிக்கு ஓடைத் தண்ணீர் இடுப்புக்கு ஏறிய மாதிரி இருந்தது, முன்னால் போனவர்கள் நிற்கிறார்கள், ஒருத்தன் திரும்பிப் பார்க்கிறான்.

"விஷம் ஏறியிருக்கு ஐயா. மருந்து இங்கேயே இருக்கு, இப்பவே ஆரம்பிச்சிடுறோம்" என்றாள் டாக்டர்.

இங்கேயே என்று சொன்னாள். அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார், கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. சுகந்தி ஃபிரிட்ஜைத் திறந்து சின்னச் சின்னக் குப்பிகளாகப் பத்து எடுத்தாள், அவர் மனசுக்குள் எண்ணினார், பின்வரிசையில் இன்னும் இருந்ததையும் எண்ணினார். கலக்கி, பாட்டிலில் ஏற்றி, சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தார்கள். ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிக்கிறதா என்று டாக்டர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே அவளுக்காக நாற்பது பேர் சீட்டோடு காத்திருந்தார்கள், ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை, பாம்புக்கடியாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வேப்பமர நிழலுக்கு நகர்ந்தார்கள். மங்கையர்க்கரசி அவரைப் பார்த்தாள். முகம் வீங்கினாற்போல் வெளுத்திருந்தது. அவர் குனிந்து, கூடத்தில் மாட்டியிருக்கிற கடிதம் என் வேலைக்கு வந்தது இல்லை மங்கை, ஜெபமணி என்று ஒரு நர்ஸம்மா கண்டுபிடித்தது, நான் அவள் பெயரை விட்டுவிட்டேன், இந்த மலைக்கு ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி வராமல் போனதே என்னால்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

ஊசி குத்தாத கையால் மங்கை அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "அந்தம்மா பேரை எங்கேயாவது எழுதுங்க. கடிதத்தை நான் கழட்ட மாட்டேன், அதுக்குப் பின்னாடி சுவர்ல பெரிய விரிசல் இருக்கு" என்றாள்.

மத்தியானம் எழில் வந்து அழுது, அம்மாவிடமே திட்டு வாங்கி அடங்கினாள். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டாவது குழாயைச் சாய்த்தபோது ரத்தம் இடத்தை விட்டு நகரவில்லை. தலைகீழாகவே கவிழ்த்துக் காட்டினாள் டாக்டர், கட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு அழகான ஒன்றைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பக்கிரிசாமி நினைத்தார். சுகந்தி பெரிய பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். பெயர், வயது, கடித்தது எது, எத்தனை குப்பி. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டாள், நாலரை இருக்கும் என்றார், எழுதிக்கொண்டாள். கடைசிக் கட்டத்தில் கோடு கிழிக்கப் போனவளிடம் அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடும்மா என்று வாங்கினார். கட்டம் சின்னது, எழுத்தைப் பொடியாக்கி எழுதினார். வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிஷம். தூளி இல்லை. இந்த மலைக்கு ஆஸ்பத்திரி வந்தது செவிலியர் ஜெபமணியால்.

சுகந்தி எட்டிப் பார்த்துப் படித்தாள். "குறிப்புக் கட்டத்தை யாருமே படிக்க மாட்டாங்களே ஐயா."

"மாசக் கடைசியில யாராவது கூட்டல் போடுவாங்கம்மா" என்றார் பக்கிரிசாமி. "அவங்க கண்ணுல படும்."